வளர்மதி ஒப்பித்த ஸ்பானிஷ்

தமிழ்வாணன் வளர்மதியை முதலில் பார்த்தது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடை மாடியில் நடந்த ஸ்பானிஷ் வகுப்பில். மூத்திர நாற்றமடிக்கிற படிக்கட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால், மேலே பதினோரு பேர் கட்டை விரலை விரல் கணுக்களில் ஓட்டியபடி கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்லாபா, அப்லாபாஸ், அப்லாபா, அப்லாபாமோஸ், அப்லாபாய்ஸ், அப்லாபான். முடிஞ்சுது சார்!"

முன்வரிசையில் எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள்தான் பெருநகர் கிராமத்து வளர்மதி. அவன் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னாங்க இது?"

"நான் பேசிக்கினு இருந்தேன், நீ பேசிக்கினு இருந்தே, அவன் பேசிக்கினு இருந்தான். ஆறு கணு, ஆறு பேரு. அந்தக் காலத்துல வழக்கமா பண்ணிக்கினு இருந்ததைச் சொல்றது. அர்த்தத்தை அப்புறம் பாரு, மொதல்ல கணுவைத் தொடு."

அவன் வீட்டில் முதல் பட்டதாரி அவன். அவள் வீட்டில் அவள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஸ்பானிஷ் தெரிந்தவர்களைப் போனில் பேச எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் திரும்பிப் போக அந்த வேலையும் இல்லை.

மாஸ்டர் முனிரத்தினம் இரண்டு மாதமாக அந்த ஒரே சொல்லைத்தான் ஓட்டினார். வேறு சொல் கேட்டால், "இதே வால்தான்டா எல்லாத்துக்கும். பாடிக்கினு இருந்தேன், நடந்துக்கினு இருந்தேன், எல்லாம் இதே வால். மொதல்ல இதை ஒழுங்கா ஒப்பி" என்பார். ஒரு நாள்கூட யாரும் யாரிடமும் ஒரு வாக்கியம் பேசியதில்லை. தமிழ்வாணனும் வீட்டில் போய் ஒப்பித்துக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டான். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வளர்மதிக்கு அந்தக் கம்பெனியின் நேர்காணல் வகுப்பிலேயே, வீடியோவில். மாஸ்டர் எல்லாரையும் பின்னால் உட்கார வைத்தார். திரையில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. அன்பான முகம். சின்ன வயதில் பள்ளியில் யாரோடு பேசிக்கொண்டிருப்பாய் என்று ஸ்பானிஷில் மெதுவாக, இரண்டு தடவை கேட்டாள்.

வளர்மதியின் கட்டை விரல் முதல் கணுவுக்குப் போனது. "அப்லாபா" என்றாள். சரியான சொல். அங்கேயே நிறுத்தித் தோழியின் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். விரல் நிற்கவில்லை. ஆறு கணுவும் ஓடி முடித்து, பழக்கத்தில், "முடிஞ்சுது சார்" என்றாள்.

அந்தப் பெண்மணி புரியாமல் சிரித்துவிட்டு மறுபடி கேட்டாள். மறுபடி முதல் கணுவிலிருந்து. மூன்றாவது தடவை நன்றி சொல்லித் திரையை அணைத்தாள். தமிழ்வாணன் குனிந்து பார்த்தான். அவனுடைய கட்டை விரலும் ஆறாவது கணுவில் நின்றிருந்தது. தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

இதைவிடக் கேவலம் பஸ் ஸ்டாண்டில் தொங்கியது. நேர்காணலுக்கு முந்தைய நாளே மாஸ்டர் பேனர் கட்டியிருந்தார். "ஸ்பானிஷ் நிறுவனத்தில் பணி பெற்ற எங்கள் மாணவி" என்று அவள் முகம், இரண்டு ஆள் உயரத்துக்கு. வேலை இல்லை என்று தகவல் வந்து ஒரு வாரமாகியும் அது இறங்கவில்லை.

"இன்னாமா, பிளேன் எப்போ?" என்றார் டீக்கடைக்காரர்.

அவள் நேராக மாடிக்குப் போனாள். தமிழ்வாணனும் கூடப் போனான்.

"பேனரை எறக்குங்க சார்."

"ஏம்மா, போட்டோ நல்லாத்தானே கீது?" பல் குத்திக்கொண்டே சொன்னார் முனிரத்தினம். "அடுத்த பேட்ச் சேரட்டும். உன்னைப் பாத்துத்தான் நாலு பேர் வந்து கேட்டுட்டுப் போனானுங்க."

அவள் கீழே இறங்கினாள். செருப்புக் கடையில் ஸ்டூலும் பிளேடும் கேட்டு வாங்கி, பட்டப்பகலில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்க்க ஏறிக் கயிற்றை அறுத்தாள். தமிழ்வாணன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். பேனர் சாக்கடையில் விழுந்தது. இறங்கியதும் அவள் சொன்னது ஒன்றுதான்:

"தமிழு, அந்தம்மா கேட்டது எனக்குப் புரிஞ்சுதுடா."

வளர்மதி இப்போது ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள்.