தீர்மான நோட்டில் ஒரு பாலம்

பேயாண்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பது அறுபத்திரண்டு வயதில்தான் அவருக்கு விளங்கியது.

அந்தக் கையெழுத்து மனைவி சோலையம்மாள் போட்ட பிச்சை. அவள் அஞ்சாப்பு முடித்தவள். ரேஷன் கடையில் புருஷன் பெருவிரலை மையில் முக்குவதைப் பார்க்கச் சகிக்காமல், கல்யாணமான புதிதில் ஒரு சிலேட்டு வாங்கி, ஒரு மாதம் மல்லுக்கட்டி நாலு எழுத்தையும் அவர் கைக்குள் ஏற்றிவிட்டாள். அதில் 'யா' மட்டும் கடைசிவரை நிமிரவில்லை. அன்றிலிருந்து எங்கே நோட்டை நீட்டினாலும் முதல் ஆளாகப் பேயாண்டிதான் நிற்பார். பேனாவைக் கடப்பாரை மாதிரிப் பிடித்து, முழுசாக ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு போடுவார்.

ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். ஊருக்கும் பேயாண்டி வீடு உள்ள தெருவுக்கும் நடுவே ஓர் ஓடை. வருஷத்தில் பத்து மாதம் அதில் தண்ணீர் கிடையாது. கல்லும் சீமைக்கருவேல முள்ளும்தான். ஆனால் ஆழம் இரண்டு ஆள் மட்டம். அந்தப் பக்கம் பதினோரு வீடு. ஆடுகள் இறங்கி ஏறும். மனிதர்களும் இறங்கி ஏறுவார்கள், விழுகிறவரைக்கும்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் சோலையம்மாள் விழுந்தாள். தலையில் புல்லுக்கட்டு. இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் நடந்து, கையில் வாக்கர் வந்தது. மகள் சத்யப்ரியா மதுரைக் காளவாசலில் வாடகை வீட்டில் இருக்கிறாள்; அங்கே கூட்டிப்போனாள். ரெண்டு மாதம் இருந்துவிட்டு வாரேன் என்றுதான் சோலையம்மாள் போனது. சமதரையில் மட்டும்தான் நடக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோ ஓடையின் இக்கரை வரைக்கும் வரும். அதற்கு மேல்? நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்றார்கள். அவள் ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள்.

"நாலு பேரு தூக்குற நாளு தன்னால வரும். அதுக்கு இப்பவே ஒத்திகை வேணாம்."

பேயாண்டி காளவாசலுக்குப் போய்விடலாமே என்று கேட்கலாம். போனார். நாலு நாள் இருந்தார். இங்கே இரண்டு மாடும் பக்கத்து வீட்டுக் கைக்கு மடியைக் கொடுக்காமல் உதைத்ததில் ஐந்தாம் நாள் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த மாடுகள்தான் அவர்கள் பிழைப்பு. தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வரும். முதலில் மாட்டைக் கேட்பாள், அப்புறம் வாசல் முருங்கையைக் கேட்பாள், கடைசியில் குரலை இறக்கி, "பாலம் எம்புட்டுல இருக்கு?" என்பாள். அடுத்த கிராம சபைக் கூட்டத்துல முடிஞ்சிரும் என்பார் இவர். போனை வைத்தபிறகு அடுப்பு மூட்டக்கூட மனசு வராது. முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் அவள் இருமலைக் கேட்டுத் தூங்கிய மனிதர். அந்த இருமலுக்கு அவர் ஏங்கினார் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் ஏங்கினார்.

ஊராட்சியிலோ காசுக்குப் பஞ்சமில்லை. ஊர் வாசலில் ஆர்ச் எழும்பியது, அதில் ஊர்ப் பேரைவிடத் தலைவர் பேர் பெரிது. தண்ணீர் வராத தொட்டிக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தார்கள். உடற்பயிற்சிப் பூங்கா வந்தது. அந்தக் கம்பிகளில் இப்போது வேட்டி காய்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்? தலைவர் நல்லகாமன் பேயாண்டிக்கு மருமகன் முறை. கோபப்பட்டுக் கேட்டாலும், "உங்க பாலம்தான் மாமா அடுத்து" என்று தோளில் கைபோட்டு டீயைக் கொடுத்துவிடுவார்.

கிராம சபைக் கூட்டம் ஓடைக்கரை வேப்ப மரத்தடியில் நடக்கும். வந்ததும் தீர்மான நோட்டில் கையெழுத்து, அப்புறம் வடை, டீ. தீர்மானத்தைச் செயலர் பிற்பாடு வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். மொய் நோட்டில் ஐநூறு ரூபாய் எழுதினால் மூன்று தடவை எட்டிப் பார்க்கிற ஊர் இது. வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வடை சூடாக இருக்கிறதா என்று பார்க்கும்.

கேட்டுக் கேட்டு அலுத்து, மகள் எழுதிக்கொடுத்த மனுவை ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்தார் பேயாண்டி. நாற்பது நாள் கழித்துப் பழுப்புக் கவர் ஒன்று வந்தது. தெருவிலேயே நாலு பேருக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் பிரிக்கவில்லை. அவள் வாயால்தான் கேட்க வேண்டும் என்று, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

சோலையம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். மனுவில் கோரிய ஓடைப் பாலம் ஏற்கனவே கட்டி முடிக்கப்பட்டு, கிராம சபையின் ஒப்புதலும் பெறப்பட்டுள்ளதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்றிருந்தது. கூடவே தீர்மானத்தின் ஜெராக்ஸ். பாலம் சிறப்பாகக் கட்டப்பட்டதற்கு ஊர் மக்கள் நன்றி சொல்லியிருந்தார்கள். கீழே கையெழுத்துகள். முதல் கையெழுத்தில் 'யா' சாய்ந்திருந்தது.

அவள் அதன்மேல் விரலை வைத்தாள். "வெறுந்தாள்லயா போட்டீங்க?"

"எல்லாரும்தான் போட்டாங்க."

"மொத ஆளு யாரு?"

அவள் திட்டியிருந்தால் பேயாண்டிக்குத் தேவலை. திட்டவில்லை. காகிதத்தை நாலாக மடித்து, அடுத்த கூட்டம் எப்போது என்று மட்டும் கேட்டாள்.

காந்தி ஜெயந்தி அன்று செயலர் பேனாவை நீட்டியபோது பேயாண்டி வாங்கவில்லை. எழுதி வாசியுங்கள், அப்புறம் போடுகிறேன் என்றார். கூட்டம் அவரை விநோதமாகப் பார்த்தது. அந்நேரம் ஆட்டோ வந்து நின்றது. சத்யப்ரியா பிடித்துக்கொள்ள, வாக்கரை ஊன்றி சோலையம்மாள் இறங்கினாள். மூன்று வருஷம் கழித்து ஊர் மண்ணை மிதித்தவள், யாரையும் பார்க்கவில்லை. அக்கரையைப் பார்த்தாள். வீடு தெரிந்தது, முருங்கை தெரிந்தது. அவள் வந்தது தெரிந்ததோ என்னவோ, மாடு ஒன்று கத்தியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நல்லகாமன் பதறி எழுந்து, "அத்தே, எதுனாலும் வீட்ல போயிப் பேசிக்கிருவோம்" என்றார்.

"வீட்லயே பேசுவோம் மாப்ள. வீடு அந்தா இருக்கு. நோட்டுல கட்டியிருக்கீங்களே, அந்தப் பாலத்து மேல என்னையக் கூட்டிட்டுப் போங்க."

வடை தின்றுகொண்டிருந்தவர்கள் கையை வேட்டியில் துடைத்தார்கள். அந்த நன்றித் தீர்மானத்தில் அவர்கள் கையெழுத்தும் இருந்ததே! ஆடிட் எல்லாம் முடிந்த கணக்கு என்று செயலர் முனகிப் பார்த்தார். எழுதாமல் ஒருத்தரும் நகர்வதாக இல்லை. கடைசியில் எழுதினார். சோலையம்மாள் நோட்டை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்: "ஓடையில் பாலம் எதுவும் கட்டப்படவில்லை." இன்னொரு தரமும் வாசித்தாள். அதற்குப் பிறகுதான் புருஷன் கையில் பேனாவைக் கொடுத்தாள். பேயாண்டி ஒரு நிமிஷத்துக்கு இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

அதனால் மறுநாளே பாலம் முளைத்துவிடவில்லை. ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் மறுபடி அக்கரையை எட்டிப் பார்த்தாள்.

"வாசப் படல் சாஞ்சு கெடக்கு. நிமித்திக் கட்டுங்க. நான் வாரப்ப அப்படியே கெடக்கக் கூடாது."

ஆட்டோ ஆர்ச்சைத் தாண்டும்வரை நின்றுவிட்டு, பேயாண்டி ஓடையில் இறங்கி அந்தப் பக்கம் ஏறினார். மாட்டுக்குத் தண்ணீர்கூடக் காட்டாமல், முதல் வேலையாகக் கயிறெடுத்துப் படலை நிமிர்த்திக் கட்டினார். வாக்கர் எவ்வளவு அகலம் இருக்கும் என்று கையை விரித்து அளந்து பார்த்துவிட்டு, அவிழ்த்து, இன்னும் ஒரு சாண் அகலமாக வழிவிட்டு மறுபடியும் கட்டினார்.