வெர்னா வாங்கிய இன்வெர்ட்டர்

வெர்னா ஸ்டக்கியை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. அப்படியிருந்தும் குளிர்காலம் பிறந்ததும் அரிசோனாவில், குவார்ட்சைட்டுக்குத் தெற்கே உள்ள பொட்டல்வெளியில், நான் குடியிருக்கும் வண்டியான மோட்டார்ஹோமை அவள் மோட்டார்ஹோமுக்குப் பக்கத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவேன். தெரியாத தேவதைக்குத் தெரிந்த பிசாசே மேல்.

அவள் கான்சாஸ்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள். ஓய்வு பெற்றதும் அவளும் அவள் புருஷன் லைலும் வீட்டை விற்று வண்டி வாங்கினார்கள். மறுவருஷமே லைல் யூட்டாவில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டறியாதவள், காலி மைதானம் ஒன்றில் தானே ஓட்டிப் பழகினாள். பழகும்போது மைதானத்து வேலியைச் சாய்த்துவிட்டாளாம். "வேலி அங்க வந்து நின்னா நான் என்ன பண்ணட்டும்?" என்று இன்றைக்கும் கேட்பாள்.

வந்து இறங்கியதும் அவள் செய்யும் முதல் வேலை, வண்டியைச் சுற்றிக் கல் பொறுக்கி வரிசையாக அடுக்குவது. அரசாங்கத்துப் புறம்போக்கு நிலம் அது. ஆனால் அவள் பட்டா வாங்கிய மாதிரிக் கல் நடுவாள். தாண்டி யாராவது கால் வைத்தால் தீர்ந்தது. ஜெனரேட்டர் சத்தம் என்றாலோ சொல்லவே வேண்டாம். இரவு அடங்கும் நேரத்துக்குப் பிறகு எவனாவது ஜெனரேட்டர் ஓட விட்டால், சட்டியும் கரண்டியுமாக அவன் கதவுக்கு முன்னால் போய் நின்று தட்டுவாள். அந்தத் தட்டலை அதிகம் கேட்டவன் எங்கள் பக்கத்து வண்டிக்காரன் டுவெயின். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லியே வயதைக் கழித்த மனுஷன் அவன்.

சாயங்காலம் பொட்டலில் வண்டி நிறுத்தியிருக்கும் நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். அவரவர் நாற்காலி, அவரவர் கோப்பை. நாற்காலி கொண்டுவராதவன் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். யாரும் கொடுக்க மாட்டார்கள். வெர்னா மட்டும் எப்போதும் இரண்டு நாற்காலி கொண்டுவருவாள். ஒன்று அவளுக்கு. மற்றது லைலுடையது, பச்சைத் துணி போட்டது. அதை விரித்துத் தன் பக்கத்தில் காலியாகப் போட்டு வைப்பாள். விவரம் தெரியாத புதியவர் ஒருவர் ஒருமுறை அதில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, அதன் நிழலைக்கூட யாரும் மிதிப்பதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. தூங்கும்போது ஆக்சிஜன் மெஷின் ஓடியே ஆகவேண்டும், பகலிலும் மூச்சு வாங்கினால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யூமா நகரத்து டாக்டர் சொல்லி, அவசரத்துக்குச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் கொடுத்துவிட்டார். மெஷினுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். பொட்டலில் கரண்டுக்கு எங்கே போவது? கூரைமேல் சோலார் பலகை, கீழே பேட்டரி, அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓட்டலாம் என்றால், சட்டி தட்டிய கையால் அதை எப்படித் தொடுவது? டுவெயின் விடுவானா?

"என்ன வெர்னா, சட்டியை என்கிட்டக் கொடுத்துடேன். இனிமே எனக்குத்தான் வேலை" என்றான் வட்டத்தில் எல்லோர் முன்னாலும்.

"கொடுக்கிறேன். முதல்ல உன் தலையைக் கொண்டா, தட்டிப் பார்த்துக் கொடுக்கிறேன்."

ஆக, இன்வெர்ட்டர்தான் வழி. பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி. எதை வாங்குவது என்பதில் அன்றிலிருந்து வட்டத்துக்கு வேறு பேச்சே இல்லை. மலிவுப் பெட்டி கரடுமுரடாகக் கரண்ட் கொடுக்கும், ஆக்சிஜன் மெஷின் கெட்டுவிடும், சுத்தமான அலை கொடுப்பதாகப் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். மற்றதெல்லாம் குடுமிப்பிடிச் சண்டை.

"இன்வெர்ட்டரும் சார்ஜரும் ஒரே பெட்டியா வருது பாரு, அதை வாங்கு" என்றான் டுவெயின். "வெளிக் கரண்ட் இருந்தா பேட்டரிக்கு ஏத்தும். இல்லேன்னா தானா மாறி பேட்டரியிலேர்ந்து எடுத்துக் கொடுக்கும். ஒரு நேரத்துல ஒரு வேலைதான். நீ எதையும் தொட வேண்டாம்."

டுவெயின் கிழக்கு என்றால் வெர்னா மேற்கு. "வண்டியோட வந்த சார்ஜர் கல்லு மாதிரி இருக்கு. அதைப் பிடுங்கி எறிஞ்சிட்டு நீ சொல்றதை வாங்கணுமா? எனக்கு இன்வெர்ட்டர் மட்டும் போதும்" என்று சொல்லித் தனி இன்வெர்ட்டர் வாங்கி வந்தாள். வீம்பு, வேறொன்றும் இல்லை.

தனி இன்வெர்ட்டரில் ஒரு வில்லங்கம் உண்டு. வண்டியின் தடித்த கரண்ட் வயரை இன்வெர்ட்டரில் செருகினால், வெளியிலிருந்து கரண்ட் வந்துவிட்டதாக வண்டி முழுவதும் நம்பிவிடும். சார்ஜரும் நம்பும். உடனே அது பேட்டரியை நிரப்பக் கிளம்பும். நிரப்புவதற்கான கரண்டை எங்கிருந்து எடுக்கும்? இன்வெர்ட்டரிலிருந்து. இன்வெர்ட்டர் எங்கிருந்து எடுக்கும்? அதே பேட்டரியிலிருந்து. சுற்றிச் சுற்றிப் போனதில் பாதி சூடாகவே வீணாகி, பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். வேலியே பயிரை மேய்கிற கதை. எங்கள் பொட்டலில் இந்தத் தப்பைச் செய்யாதவர் இல்லை, ஒப்புக்கொள்பவர்தான் குறைவு. இன்வெர்ட்டர் போடுமுன் சார்ஜர் சுவிட்சை அணைக்க வேண்டும், அவ்வளவுதான் மருந்து. வெர்னா அணைத்து, மேலே சிவப்பு டேப்பும் ஒட்டி வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் அவள் மகன் கிரெய்க் கான்சாஸில் விச்சிட்டாவிலிருந்து விமானம் ஏறி வந்தான். கட்டடங்களுக்கு ஏசி மாட்டும் தொழில் அவனுக்கு. பகலெல்லாம் கையில் வயர்தான். வீட்டின் கீழ்த்தளத்து அறையை அம்மாவுக்காக ஒழித்து வைத்திருப்பதாகச் சொன்னான். ஜன்னல் உண்டா என்று கேட்டாள் வெர்னா. "சின்னதா ஒண்ணு இருக்கும்மா, மேல" என்றான்.

அன்று சாயங்காலம் வட்டத்தில் லைலின் பச்சை நாற்காலியை விரித்து, கிரெய்க்கைப் பார்த்து, "உட்காரு" என்றாள். டுவெயின் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவனோ ஏதோ பேருந்து நிறுத்தத்து பெஞ்சு மாதிரி சாய்ந்து உட்கார்ந்தான். எனக்கு அப்போதே அவனைப் பிடிக்காமல் போயிற்று.

"அம்மா, இங்க இருந்தா நீ செத்துடுவே" என்றான்.

"அங்க இருந்தா சாகமாட்டேனா?"

"பேட்டரியை நம்பி மூச்சு விடுவாங்களா யாராவது?"

"சரிடா, பார்த்துடலாம். காலையில சோலார் மேல தார்ப்பாய் போட்டு மூடு. விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் மெஷினை ஓட விடறேன். ஒரு ராத்திரிக்கு அது சமம்தானே? நின்னா உன்கூட வர்றேன், வண்டியை வித்துடு. நிக்கலேன்னா நீ வாயை மூடிட்டுப் போகணும். இவங்க எல்லாரும் சாட்சி."

வட்டத்தில் சொன்ன சொல்லை எங்களில் யாரும் மீறியதில்லை.

மறுநாள் காலை கிரெய்க்கே கூரையில் ஏறித் தார்ப்பாய் கட்டினான். பேட்டரி நிறைந்திருந்தது. வெர்னா குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டாள். நான் சாட்சிக்கு உள்ளே உட்கார்ந்து அவளோடு சீட்டாடினேன். அவள் தில்லுமுல்லு செய்தாள், நான் திட்டினேன், நாள் நன்றாகத்தான் தொடங்கியது. கிரெய்க் காப்பி குடித்தான், பின்பக்கம் கழிவறைக்குப் போனான், வந்தான், வெளியே போய் போனில் பேசினான்.

மதியச் சாப்பாட்டுக்கே சுவரில் இருந்த பேட்டரி மீட்டர் சாயங்காலம் காட்டவேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. வெர்னா அதைப் பார்ப்பதும் சீட்டைப் பார்ப்பதுமாக இருந்தாள். தில்லுமுல்லை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெயில் இன்னும் உறைத்துக்கொண்டிருக்கும்போதே இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. ஆக்சிஜன் மெஷின் பீப் பீப் என்று அலறி நின்றது. வெர்னா குழாயைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்டினாள்.

"அம்மா, பேச்சு பேச்சா இருக்கணும்" என்றான் கிரெய்க், மெதுவாக.

"இருக்கும்" என்றாள்.

எழுந்து போய்ப் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். வண்டியில் வாழ்கிறவர்களுக்குப் பெட்டி கட்டத் தெரியாது. எல்லாம் எப்போதும் கூடவே இருக்கிறவர்கள் நாங்கள். கட்டில் விரிப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிடிக்காதவள்தான், ஆனாலும் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். கிரெய்க் ஊருக்குப் போன் போட வெளியே போனான். அவள் கட்டிலுக்கடியில் இருந்த பழைய சூட்கேஸை இழுக்கக் கையை நீட்டினாள். கை அப்படியே நின்றது.

"ஏன்டி மார்லிஸ், இங்க வா. இதைத் தொட்டுப் பாரு."

குனிந்து தொட்டேன். கட்டிலுக்கடியில் இருந்த சார்ஜர். தோசைக்கல் மாதிரிச் சுட்டது. அணைத்து வைத்த சார்ஜர் ஏன் சுட வேண்டும்?

கழிவறைப் பக்கத்துச் சுவரில் சுவிட்ச் பலகையைத் திறந்தாள். சிவப்பு டேப் ஒட்டியபடியே இருந்தது. அதன் அடியில் சுவிட்ச் போட்டிருந்தது. டேப்பைப் பிரித்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, மறுபடியும் பதவிசாக ஒட்டியிருக்கிறான், தொழில்காரன்.

நான் கத்த வாயெடுத்தேன். வெர்னா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "வாயை மூடு. பொழுது சாயட்டும்."

சாயங்காலம் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வட்டத்துக்கு வந்தாள். இரண்டு நாற்காலியையும் விரித்தாள். கிரெய்க் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தான். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"கிரெய்க், சார்ஜர் சுவிட்சைப் போட்டது யாரு?"

"எனக்கென்னம்மா தெரியும்? நீயே மறந்திருப்பே."

"டேப் ஒட்டினவ மறப்பேனா?"

"அப்ப இவங்கதான். இவங்களும்தானே நாள் முழுக்க உள்ள இருந்தாங்க" என்று என்னைக் கைகாட்டினான்.

எனக்கு உச்சந்தலை எரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். வெர்னா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "மார்லிஸ் என் வண்டியில அந்தப் பக்கம் போனதே இல்ல. இத்தனை வருஷத்துல என் கழிவறைக்கு அவளை நான் விட்டதில்ல. அவ்வளவு பிடிக்கும் எனக்கு அவளை."

யாரோ சிரித்தார்கள். கிரெய்க் சிரிக்கவில்லை.

"ஆமா, நான்தான் போட்டேன்" என்றான். "என்ன பண்ணச் சொல்றே? அப்பா பெட்ரோல் பங்க்ல செத்தாரு, எவனோ முகம் தெரியாதவன் எனக்குப் போன் பண்ணிச் சொன்னான். நீயும் இங்க செத்துக் கிடந்தா எனக்கு யாரு சொல்லுவா? இந்தச் சட்டி தட்டற கூட்டமா? நீ தோத்தாத்தான் வருவே. அதான் தோக்கடிச்சேன். சிலிண்டர் பக்கத்துலதானே இருந்துச்சு?"

அதில் உண்மை இருந்தது என்று எனக்கும் தெரிந்தது. அதனால் எனக்குக் கோபம் குறைந்துவிடவில்லை. வெர்னாவுக்கும் குறையவில்லை.

"மூச்சு என்னோடது. சுவிட்ச் போட்டது நீ" என்றாள். "எங்கிட்டச் சண்டை போட்டிருந்தா போடுன்னு விட்டிருப்பேன். அழுதிருந்தாக்கூட ஒருவேளை வந்திருப்பேன்டா. எந்திரி."

"அம்மா..."

"எந்திரி. அது உங்கப்பா நாற்காலி."

எழுந்தான். அவள் பச்சை நாற்காலியை மடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். வட்டத்தில் நாற்காலி இல்லாதவன் நிற்கத்தான் வேண்டும். அவன் கொஞ்ச நேரம் நின்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. பிறகு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு போனான். புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் என்னையும் டுவெயினையும் இழுத்துக்கொண்டு ஊருக்குள் இன்வெர்ட்டர் கடைக்குப் போனாள். கடைக்காரன் வாட் கணக்கு, வாரண்டி, கலர் திரை என்று அளந்துகொண்டே போனான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதுல பேட்டரியையே தின்கிற மாதிரி சார்ஜரை யாராவது போட்டுவிட முடியுமா?"

"முடியாதும்மா. வெளிக் கரண்ட் வந்தாத்தான் இதுல சார்ஜர் வேலை செய்யும்."

"பெத்த பிள்ளையே வந்தாலும்?"

கடைக்காரன் முழித்தான். "யாராலயும் முடியாதும்மா."

"அப்ப இதையே கொடு."

வெளியே வந்ததும் டுவெயின் ஆரம்பித்தான்: "நான் அன்னைக்கே ஒரே பெட்டியா வாங்குன்னு..."

"நீ சொன்னதுக்காக வாங்கலடா. வாயைத் திறக்காம அந்தப் பக்கம் தூக்கிப் பிடி."

அந்தப் பெட்டி இப்போதும் அவள் கட்டிலுக்கடியில் இருக்கிறது. பழைய சார்ஜரைக் கழற்றித் தன் கல் வரிசையில் மூலைக் கல்லாக வைத்துவிட்டாள். வட்டத்துக்கு ஒரே நாற்காலியோடுதான் வருகிறாள். பச்சை நாற்காலியைப் பற்றி நாங்கள் யாரும் கேட்பதில்லை.

கிரெய்க் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போன் செய்கிறான். நாங்கள் சீட்டாடிக்கொண்டிருப்போம், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். வெர்னா போனை எடுப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உன் சீட்டைப் போடுடி" என்பாள் என்னிடம். மெஷின் புஸ் புஸ் என்று மூச்சு விடும். அந்தப் பக்கம் அவனும் பேசுவதில்லை. எங்கள் ஆட்டம் முடிகிறவரை அவனும் வைப்பதில்லை, இவளும் வைப்பதில்லை.