ஜேர்மன் மேசனின் படம்

கண்ணால் கண்டிராத ஒரு மனிதரை, அதுவும் கடல்களுக்கு அப்பால் வாழ்ந்த ஒருவரை, தன் தகப்பனின் அன்புக்குப் போட்டியாக ஒரு சிறுமி கருத முடியுமா? வெள்ளைக்காரர் ஆட்சி முடியச் சில காலம் இருக்கையில், கற்பிட்டிக் கரையில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது. முடியும் என்பதற்கு நானே சாட்சி.

அப்பா சுவர் கட்டும் மேசன். கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த நாட்களில், ஜேர்மன் கப்பலொன்றின் தச்சர் அவருக்கு ஒரு படத்தைக் கொடுத்து, படத்திலிருந்தவரின் கதையையும் மொழிபெயர்த்த ஒரு கிளாக்கரின் துணையோடு சொல்லியிருந்தார். அகன்ற தாடியும் ஆழ்ந்த கண்களும் கொண்ட அவர், அந்நாட்டுக் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். அவருடைய பெயர் அப்பாவின் வாயில் நாளுக்கொரு விதமாக வந்ததால், எங்களுக்கு அவர் ஜேர்மன் மேசன் ஆனார்.

செங்கல் சுமந்து தொழில் பழகியது, தோளில் பையோடு ஊர் ஊராக நடந்து சுவர் எழுப்பியது, சாரக்கட்டு சரிந்து தோழர்கள் இறந்த அன்று மற்றவர்களைக் கீழே இறங்கச் சொன்னது, அதற்காகச் சிறை போனது, வெளியே வந்தபின் எந்த முதலாளியும் வேலை கொடுக்காதது, அப்படியிருந்தும் சங்கத்தைப் பெரிதாக வளர்த்தது: அப்பாவுக்கு அந்த வாழ்க்கை மனப்பாடம். நான் எத்தனையாம் வகுப்பில் படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்.

திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், நான் முதன்முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்த புதுநன்மைப் படத்துக்கென்று அம்மா ஒதுக்கியிருந்த இடத்தில், அப்பா அவரை மாட்டினார். என் படம் அலுமாரியில் துணிகளுக்கிடையே கிடந்தது. வேலை முடிந்து வந்ததும் அப்பா அந்தக் கண்ணாடியைத் துடைப்பார். என் தலையை அப்படித் தடவியதாக எனக்கு நினைவில்லை.

ஒருநாள், கடலுக்குப் போன புருஷனின் வள்ளம் காற்றில் அகப்பட்டுத் திரும்பாததால், பக்கத்து வீட்டு மாமி எங்கள் வீட்டில் செபிக்க வந்தார்.

"இவர் ஆரு மச்சாள், புது அர்ச்சியசிஷ்டவரா?"

சங்கம் என்றால் என்னவென்று விளக்கத் தெரியாத அம்மா, "மேசன்மாருக்கு உதவி செய்யிறவர்" என்றார்.

"மேசன்மாருக்குச் செய்தா கடல்காரருக்கும் செய்வார்தானே."

புனிதர் என்றே நம்பி மாமி மெழுகுதிரி கொளுத்தினார். பின்னேரம் வள்ளம் கரையேறிவிட்டது. அதன்பின் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பூமாலைகூட ஏறியது.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கோவில் பக்கமே போகாத மனுசன். மெழுகுதிரியால அவருக்கு ஒரு கெடுதியும் வராது, விடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவை எடுத்துக்கொண்டது போதாமல், அவர் என் தெருவையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஊர்க் கத்தோலிக்கக் கோவிலின் மணிக்கோபுரத்தை அப்பாவும் கூட்டாளிகளும் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர், உப்புக்காற்றில் உக்கிய பழைய தும்புக் கயிற்றாலேயே சாரக்கட்டைக் கட்டியிருந்தார். ஒரு காலை அது அறுந்து, இளம் மேசன் ஒருவர் விழுந்து தொடை முறிந்தது. அப்பா எல்லோரையும் கீழே இறக்கினார். புதுக் கயிறு கட்டும்வரை யாரும் ஏறுவதில்லை என்று முடிவாயிற்று.

அடுத்த நாள் கோவில் குருவான சுவாமி, வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கும் சாட்டில், தீர்த்தத்தோடு வந்தார். அவர் கெட்டவரல்லர். திருவிழாவுக்கு முன் மணி ஏறும் என்று ஆயருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மெழுகுதிரிகளுக்கு மேலிருந்த படத்தில் அவர் பார்வை நின்றது.

"இது ஆர்?"

அம்மா அப்பாவைக் கண்ணால் கெஞ்சினார். மேசன்மாருக்கு உதவுகிறவர் என்ற பதில் ஆயத்தமாக இருந்தது. அதைச் சொன்னால் போதும்.

"ஜேர்மன் தேசத்து மேசன், சுவாமி. சங்கத் தலைவர். அர்ச்சியசிஷ்டவர் இல்லை."

"அப்ப நான் கொளுத்தின மெழுகுதிரியெல்லாம்?" என்றார் வாசலில் நின்ற மாமி.

சுவாமியின் முகம் சிவந்தது. "அதைக் கழட்டு. நாளைக்கு வேலைக்கு ஏறு. இல்லாட்டி சிலாபத்தால ஆள் எடுப்பம்."

என் நெஞ்சு துள்ளியது. அந்தத் தாடிக்காரர் வீட்டைவிட்டுப் போகப்போகிறார். அப்பாவின் பிழைப்பும் அதே வாக்கியத்தில் தொங்கியதை நான் கவனிக்கவில்லை.

அப்பா படத்தை இரு கைகளாலும் இறக்கி மேசைமேல் வைத்தார்.

"படம் கழட்டியாச்சு, சுவாமி. கயிறு இன்னும் பழசுதான்."

சுவாமி தீர்த்தம் தெளிக்காமலே போனார்.

நான் காத்திருக்கவில்லை. அலுமாரியிலிருந்து என் படத்தை எடுத்து, சுவரோரம் கதிரையை இழுத்துப் போட்டேன். ஏறப்போன என்னை அப்பா தடுத்து, கதிரையின் கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். பிறகு, "இப்ப ஏறு மகள்" என்று சொல்லி, நான் இறங்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜேர்மன்காரரை வென்றுவிட்ட சந்தோசத்தில் இருந்த எனக்கு, அந்தப் பிடி யாரிடமிருந்து வந்தது என்று அப்போது விளங்கவில்லை.

சிலாபத்திலிருந்து வந்தவர்களும் கயிற்றைப் பார்த்துவிட்டு ஏற மறுத்தார்கள். புதுக் கயிறு வந்தது; மணி ஏறியது. அப்பாவை மட்டும் யாரும் திரும்ப அழைக்கவில்லை. அதன்பின் அவர் புத்தளத்தில் உப்பு சேமிக்கும் கிட்டங்கி கட்டும் வேலைக்குப் போய், சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வந்தார்.