வெஞ்சனத்துக்கு அடிபட்ட நாள்

பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த குரலையே நம்ப முடியாதென்றால், ஒருவரை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? சித்தையன்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் மதினியின் கைப்பேசி அதிர்ந்த அந்த முற்பகலில்தான் இக்கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

மதினி என் அண்ணனின் மனைவி, ஆயக்குடியில் பிறந்தவர். தீபாவளிக்கென்று தெருப் பெண்கள் சேர்த்துவந்த பணம் முழுவதும் அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கின் சாவி, அந்தக் கைப்பேசி. அண்ணன் காய்கறி வண்டி ஓட்டுகிறவர். போகும் ஊரெல்லாம் விலை நிலவரம் பேசிக் காணொளி போடுவது அவருக்குப் பிரியமான பழக்கம்.

மதினியின் கைகள் முறுக்கு மாவில் இருந்ததால், ஒலிபெருக்கியை அழுத்தி நானே அழைப்பை எடுத்தேன். அறியாத எண், ஆனால் அண்ணனின் குரல். "ஏ புள்ள, நான்தான். வண்டி ஒருத்தர் மேல மோதிருச்சு. என் போனும் ஒடஞ்சு போச்சு. இப்ப உனக்கு ஒரு ஓடிபி வரும், சட்டுன்னு சொல்லு." 'சட்டுன்னு' என்பதை அவர் இழுக்கும் விதம்கூட அப்படியே இருந்தது. திரையில் எண் வந்து விழுந்தது. அதைப் படிக்க வாயெடுத்தேன். மதினி மாவுக் கையாலேயே என் வாயைப் பொத்தினார்.

"சொல்றனுங்க. அதுக்கு முன்னாடி, காலைல உங்ககூட அனுப்புனனே, வெஞ்சனம் என்னாச்சுங்க?"

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியைத்தான் எங்கள் பக்கத்தில் வெஞ்சனம் என்போம். மறுமுனையில் அதே குரல், அழுகையை அடக்குவதுபோல: "வெஞ்சனமும் என்கூடத்தான் இருக்கான். அவனுக்கும் நல்ல அடி. சீக்கிரம் நம்பரச் சொல்லு."

"அய்யோ பாவம். வெஞ்சனத்துக்கு அடியா? சோறாவது பொழச்சுதுங்களா?"

இணைப்பு அறுந்தது. சிரிப்பு பீறிட்டது, ஆனாலும் அண்ணனுக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்ற பயம் விடவில்லை. அண்ணனின் எண்ணுக்கு விடாமல் அழைத்தோம். ஒருவழியாக, ஒட்டன்சத்திரம் சந்தை இரைச்சலுக்கு நடுவே அவர் எடுத்தார். "அவரைக்காய்ல உப்பே இல்ல புள்ள. அதக் கேக்கவா இம்புட்டுத் தடவ கூப்புட்ட?" தம் சமையலைக் குறை சொன்னதற்கு மதினி அப்படிப் பூரித்து நான் கண்டதில்லை.

எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டேன். "உங்கண்ணன் வாயில மொதல்ல சோத்துப் பேச்சுத்தான் வரும் பாப்பா. வண்டி கவுந்தாலும் அது மாறாது."

கடவுச்சொல்லையும் அடையாள எண்ணையும் பொத்திப் பாதுகாக்கும் நாம், குரலை மட்டும் தெருவில் இறைத்துவிடுகிறோம். அதுவும் நம் உடைமைதான். காணொளியிலிருந்து அதைத் திருடி, கணினியில் போலியாகப் பேசவைத்து, நம் வீட்டுக் கதவையே தட்டலாம். இந்த எண்ணத்தின் வேகத்தில் சைபர் குற்றப் பிரிவில் புகார் பதிந்த கையோடு, மாலையிலேயே நானும் மதினியும் வீடு வீடாகப் போனோம். வீட்டாருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வி ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் தனக்கென வைத்துக்கொண்டது.

அண்ணன் இப்போது காணொளியில் பேசுவதில்லை. காய்களை மட்டும் காட்டுகிறார். கைப்பேசி அதே மேடையில்தான் அதிர்கிறது. வெஞ்சனக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டதால் எங்கள் கேள்வியை மாற்றிவிட்டோம். புதிய கேள்வியை இங்கே எழுத மாட்டேன்.