ஏழாம் படுக்கையின் முப்பத்தெட்டு

அலுவலகத்தில் அவளுக்கு ‘துடைப்பக்கா’ என்று பெயர். நிரல் தொடங்குமுன் நினைவகத்தைச் சுத்தமாகத் துடைத்தாயா என்று எல்லோரையும் நச்சரிப்பாள். இருபது வருடமாக, நாடித்துடிப்பு காட்டும் மருத்துவமனைக் கருவிகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறவள்.

அந்த மாதம்தான் எழுதிய நிரலைக் கருவிக்குப் புரியும் மொழிக்கு மாற்றித் தரும் பழைய கம்பைலரை விட்டுப் புதியதற்கு மாறியிருந்தார்கள். புது நிரலோடு போன முதல் கருவியைப் பற்றி மருத்துவமனை நர்ஸிடமிருந்து போன் வந்தது.

“மேடம், விரல்ல கிளிப்பே மாட்டல. ஆன் பண்ணினதும் துடிப்பு காட்டுது.”

“யாரோட துடிப்பு?” கேட்டபிறகுதான், இதென்ன கேள்வி என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “நேர்ல வாங்களேன்.”

பட்டப்பகல். ஏழாம் படுக்கை காலியாக இருந்தது, விரிப்பு மாற்றியிருந்தார்கள். நர்ஸ் பொத்தானை அழுத்தினாள். திரையில் 38. இரண்டு நொடி நின்றது, பிறகு எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள். அணைத்துப் போட்டாள். மறுபடி 38.

“நேத்து இங்க இருந்த பெரியவர் போனப்ப நான்தான் கிளிப்பைக் கழட்டினேன். கடைசியா திரையில இருந்தது இதுதான்.”

துடைப்பக்கா கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முக்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

நம் நிரலுக்கு முன்னால், கம்பைலர் சேர்க்கும் ஒரு சின்னத் தொடக்க நிரல் ஓடும். பழைய கம்பைலருடையது நினைவகம் முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் வழிவிடும். புதியதோ, சொன்ன இடத்தை மட்டுமே துடைத்தது. துடிப்பின் எண் இருந்த இடத்தை யாரும் சொல்லவில்லை. உள்ளே பேட்டரி இருந்ததால் அணைத்தாலும் அது அழியவில்லை. ஊரையே கேட்டவள் தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டிருந்தாள்.

அந்த இடத்தையும் துடைக்க நான்கே வரிகள் சேர்த்தாள். கருவியில் கேபிளைச் செருகியதும் விரல் நின்றுவிட்டது. காரணம் கையில் இருந்தும், பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

“இதை ஏத்தினா அந்த நம்பர் போயிடும்.”

“போகட்டும் மேடம். நேத்திலிருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கார்.”

ஏற்றினாள். திரையில் கோடுகள் மட்டும். நர்ஸ் அணைத்துப் போட்டாள், மறுபடியும் கோடுகள்தான்.

சக்கரங்கள் கிறீச்சிட, புது நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நர்ஸ் கிளிப்பை மாட்டினாள். கோடுகள் அப்படியே இருந்தன. நான்கு நொடி, ஐந்து. பிறகு 84.

வெளியே வந்தபோதுதான், தன் மணிக்கட்டை இறுகப் பிடித்துத் துடிப்பை எண்ணிக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள்.