இடதுகைக்காரியும் பம்ப்-ஆக்‌ஷன் ரைபிளும்

என் கணவருக்கு வெடிச்சத்தம் ஆகாது. நாங்கள் இருக்கும் ஈஸ்ட் ஹாமில் தீபாவளிக்கு யாராவது வாணம் விட்டால், குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார். அவர் போரின் கடைசி நாள்வரை வன்னியில் இருந்தவர். நான் சிறுவயதிலேயே லண்டனுக்கு வந்துவிட்டவள்.

அப்படியிருந்தும், கூட வேலை செய்யும் வெள்ளைக்காரத் தோழி தன்னுடைய துப்பாக்கி சுடும் கழகத்துக்கு அழைத்தபோது, சேலை பார்க்கப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

நான் இடதுகைக்காரி. முதலில் தந்த போல்ட் ரைபிளில், அடுத்த தோட்டாவை ஏற்ற இழுக்கும் கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. ஒவ்வொரு முறை சுட்டபின்பும் கையை மேலால் கொண்டுபோய் அதை இழுக்க வேண்டும். அதற்குள் குறி கலைந்துவிடும். தோழி அதை வாங்கிவைத்துவிட்டு ஒரு பம்ப்-ஆக்‌ஷன் ரைபிளைத் தந்தாள். இதற்கு இடது, வலது கிடையாது என்றாள். குழலுக்குக் கீழே உள்ள பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் போதும். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோது வெளியே விழும், அடுத்த தோட்டா ஏறும். விசையில் இருக்கும் கையை எடுக்க வேண்டியதில்லை, கண்ணும் இலக்கை விட்டு விலகாது. இந்த நாட்டில் சின்னத் தோட்டா போடும் வகைக்கு மட்டுமே அனுமதி என்பதால் தோளில் உதைப்பும் இல்லை. காகித வட்டத்தின் நடுவில் துளைகள் நெருங்கி விழுந்தன. வாய்விட்டுச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து நான் சப்பாத்தைக் கழற்றும்போதே கணவர் கேட்டார்.

“எங்கை போனனீர்?”

“சீலை பாக்க.”

“உம்மிலை வெடிமருந்து மணக்குது.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை.

“என்ன மாதிரி இருந்தது?”

“சந்தோசமா இருந்தது.” அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் என் சட்டையை வாங்கி வாஷிங் மெஷினில் போட்டார். ஜன்னலைத் திறந்தார். அவருடைய தங்கை போரில் இறந்தது எனக்குத் தெரியும். பதுங்குகுழி வாசலில், அவர் கையைப் பிடித்தபடி இறந்தாள் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். அப்போதும் இதே மணம் இருந்ததாம்.

ஒரு கிழமை கழித்து அவராகவே சொன்னார்.

“விருப்பமெண்டால் போம். உடுப்பை அங்கையே மாத்திக்கொண்டு வாரும்.”

தோழி மறுபடி கேட்டபோது, வரவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். வருகிறேன் என்று சொன்னேன். இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். கழகத்தின் கழிவறையில் உடை மாற்றி, கைகளை முழங்கைவரை கழுவிவிட்டு ரயிலேறுகிறேன். அவர் எதுவும் கேட்பதில்லை. நான் கதவைத் திறந்து நுழையும்போது மட்டும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். பார்க்காதவள் போல உள்ளே போகிறேன்.