இசக்கிராஜுக்குக் கனம் வேண்டும்

தாராவிப் பக்கத்தை விட்டுத் தாண்டாமலே சைக்கிளில் பூமியை ஐந்து சுற்று சுற்றிய மனிதர் யார் என்று கேட்டால், இசக்கிராஜைத்தான் காட்ட வேண்டும். மனைவி தங்கமயில் வீட்டில் சுடும் முறுக்கை டின் டின்னாகக் கேரியரில் கட்டி, இருபத்தேழு வருஷமாக மாட்டுங்கா, செம்பூர் கடைகளுக்குப் போட்டு வருகிறார். அவர் பெல் அடித்தால், நைன்ட்டி ஃபீட் ரோட்டின் நடுவில் படுத்திருக்கும் எருமை எழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு நகரும் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. மராத்தியில் கேட்டதா, இந்தியில் கேட்டதா என்பதில்தான் ஊரில் இரண்டு கட்சி.

அப்பேர்ப்பட்டவருக்கு மகள் உமாமகேஸ்வரி ஐம்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு ஒரு பரிசு கொடுத்தாள். அலிபாகில் தொடங்கி, கொங்கண் கடலோரமாக ஐந்து நாள் சைக்கிள் சுற்றுலா. வழிகாட்டி உண்டு, தங்க ஹோட்டல் உண்டு, பெட்டிகளைச் சுமந்து பின்னால் வர வேனும் உண்டு.

டீக்கடை அபுதாஹிர் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏ இசக்கி, லீவு போட்டு சைக்கிளா மிதிக்கப் போறே? அப்போ நான் லீவுக்கு கோவா போயி டீ ஆத்தணும்!"

"வே, அது வேற சைக்கிள்வே. இருபத்தோரு கியரு."

"மிதிக்கிற காலு உன் காலுதானே?"

இசக்கிராஜ் அசரவில்லை. செம்பூர்க் கடைக்காரர்கள் வரை ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். மகள் வாங்கித் தந்த மெத்தை வைத்த கால்சட்டையைப் போட்டு, வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார்.

"இருபத்தேழு வருஷம் கேக்காத மெத்தையை இப்பத்தான் கேக்குதாக்கும்?" என்றாள் தங்கமயில், மாவு பிசைந்துகொண்டே. "நடையைப் பாரு, நண்டு மாதிரி!"

எல்லாம் சரி, ஒரே ஒரு நிபந்தனைதான் உறுத்தியது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஒரு வெள்ளோட்டம். சுற்றுலாக்காரர்கள் தரும் சைக்கிளில் மாட்டுங்காவிலிருந்து மரைன் டிரைவ் போய்த் திரும்ப வேண்டும். தடுமாறுகிறவர்கள் ஐந்து நாளும் வேனில்தான் வர வேண்டும்.

அதற்காக இசக்கிராஜ் ஒரு மாதம் பயிற்சி எடுத்தார். வெறும் வண்டியை மிதிப்பதெல்லாம் ஒரு பயிற்சியா என்று, வழக்கமான ஆறு டின்னுக்கு மேல் அரிசி மாவு மூட்டை ஒன்றையும் ஏற்றினார். அடுத்த வாரம் இரண்டு மூட்டை. சயான் பாலத்தில் அந்தப் பாரத்தோடு ஏறியபோது பின்னால் வந்த லாரி வெட்கப்பட்டு ஓரங்கட்டியது என்று அவரே வந்து சொன்னார். தொடை இரண்டும் தேக்குக் கட்டையாகிவிட்டன.

ஞாயிறு காலை ஆறு மணி. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூக்கடைகள் திறந்த நேரம். பூ வாங்குகிற சாக்கில் தங்கமயிலும் சுடிதார் போட்டுக்கொண்டு கூடவே வந்திருந்தாள். வழிகாட்டி சஃப்ரீன், சயான் கோலிவாடாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். சைக்கிளை ஒரு கையால் தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"பிந்தாஸா ஓட்டுங்க மாமா, டென்ஷன் வேணாம்."

இசக்கிராஜ் பழக்கதோஷத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, தோளை முறுக்கி, ஐம்பது கிலோவை இழுக்கிற வேகத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். பின்னால் இழுக்க ஒன்றுமே இல்லை. சைக்கிள் வலப்பக்கம் ஓடியது, இடப்பக்கம் ஓடியது, காற்றாடி மாதிரி ஒரு வட்டம் அடித்துவிட்டு, நேராகப் போய் சாமந்திக் குவியலுக்குள் பாய்ந்தது.

அடி ஒன்றும் இல்லை. பூக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஏறினார். மறுபடியும் அதே சாமந்தி.

சஃப்ரீன் தயங்கித் தயங்கி வந்தாள். "மாமா, தப்பா நினைக்காதீங்க. ரோட்டுல இது ரிஸ்க். நீங்க வேன்லயே வாங்களேன்."

இசக்கிராஜ் காதுக்குள் போன இதழை எடுத்தார். ஐந்து நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்தவர்கள் மிதிப்பதை வேடிக்கை பார்ப்பதா? செம்பூரில் போய் என்ன சொல்வது?

"என் மேல தப்பில்லம்மா. இந்த வண்டிக்கு உடம்பே இல்ல. பின்னால கனம் இருந்தாத்தான் எனக்கு நேரா வரும். ரெண்டு மூட்டையாவது வையேன்."

"இதுல கேரியரே கிடையாது மாமா."

தங்கமயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மூட்டைக்கு எங்க போவிய? என்னையத் தூக்கி வச்சிக்கிட்டுப் போங்க!"

சஃப்ரீன் தங்கமயிலை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வேனின் கூரையைப் பார்த்தாள். அங்கே உபரி சைக்கிள்களோடு நீளமாக ஒன்று கட்டிக் கிடந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு சீட், இரண்டு ஜோடி மிதிகட்டை.

"ஆண்ட்டி, உங்களுக்கு சைக்கிள் தெரியுமா?"

"தெரியாது."

"பரவால்ல. பின்னால உக்காந்து காலை மட்டும் சுத்துங்க."

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் தங்கமயில் ஏறினாள். ஏறியதும் முன் சீட்டில் இருந்த கணவர் தோளில் ஓர் இடி கொடுத்தாள். "இப்பவும் சாமந்திக்குள்ள விட்டீயன்னா வீட்டுக்கு நடந்துதான் வருவிய, சொல்லிட்டேன்."

இசக்கிராஜ் மிதித்தார். வண்டி நூல் பிடித்தாற்போல் போனது. தாதரில் ஒரு பஸ்ஸை முந்தினார்கள். வொர்லியில் இரண்டு இளவட்டங்களை முந்தினார்கள். ஹாஜி அலியில் காற்றையே முந்திவிட்டதாக இன்றைக்கும் தாராவியில் ஒரு பேச்சு இருக்கிறது. போய்த் திரும்பி வந்து நின்றபோது, சஃப்ரீன் காகிதத்தில் இசக்கிராஜ் பெயருக்கு எதிரே 'வேன்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கீழே இன்னொரு பெயரைச் சேர்த்தாள்.

தங்கமயில் சீட்டை விட்டு இறங்காமலே மகளுக்குப் போன் போட்டாள். "ஏட்டி உமா, நானும் போறேன். அஞ்சு நாளும் முறுக்கு உன் பொறுப்பு."

"அம்மா! எனக்குப் பிழியவே தெரியாதும்மா!"

"ஒரு வாரம் கெடக்குல்லா. இன்னைக்கே மாவைத் தொடு."

போனை வைத்ததும் இசக்கிராஜ் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, ஹாஜி அலிகிட்ட நீ மிதிக்கவே இல்லையே?"

"கடலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எத்தனை வருஷமாச்சு!"

"கொங்கண்லயும் அப்படியே பாத்துக்கிட்டு வா. அப்பத்தான் வண்டி ஆடாம அசையாம போச்சு."